போதும் என்று அந்தப் பாம்பு சொல்லாது

முதல் பாம்பாக எதை வாங்கலாம் என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் கைகாட்டுவது பெரும்பாலும் ஆப்பிரிக்க வீட்டுப் பாம்பைத்தான். நான் இருக்கும் டர்பன் பக்கம் இது ஊருக்குப் புதியதல்ல. கரும்புத் தோட்டத்து ஓரத்திலும் கோழிக் கொட்டகையிலும் கற்குவியலிலும் இரவில் எலி தேடித் திரியும். விஷம் கிடையாது. இரையைக் கவ்வி, உடம்பால் சுற்றி நெரித்துக் கொன்று விழுங்கும். பழுப்பு உடம்பில் வெளிச்சம் பட்டால் பல நிறத்தில் மினுங்கும். தலையின் இரு பக்கமும் வெளிறிய கோடுகள் ஓடும். வயிறு முத்து வெள்ளை.

வளர்ப்பது சுலபம் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் வம்பே அந்தச் சுலபத்தில்தான் இருக்கிறது. போட்டதைத் தின்னும். ஆணோடு விட்டால் முட்டை இட்டுக்கொண்டே இருக்கும். கையில் எடுத்தால் பொறுத்துக்கொள்ளும். எதற்கும் 'போதும்' என்று சொல்லாது. அதற்கும் சேர்த்து நீதான் சொல்ல வேண்டும். கீழே இருக்கும் அறிவுரைகளில் பல இந்த ஒன்றிலிருந்து பிறந்தவைதான்.

1. எந்த வீட்டுப் பாம்பு என்று கேட்டு வாங்கு.

அந்தப் பெயரில் பல இனங்கள் உண்டு. புதியவருக்கு ஏற்றது பழுப்பு வீட்டுப் பாம்பு. விலங்கியலில் அதன் பெயர் போயிடான் கேபென்சிஸ். பழைய புத்தகங்களில் லாம்ப்ரோஃபிஸ் என்ற பேரினத்தின் கீழ் வைத்திருப்பார்கள், அதைப் பார்த்துக் குழம்பாதே. ஆண் 60 முதல் 75 செ.மீ. வளரும். பெண் 1 மீட்டரைத் தாண்டும். இடம் குறைவு என்றால் ஆணை வாங்கு.

அரோரா வீட்டுப் பாம்பு அழகி. ஒலிவப் பச்சை முதுகில் தலை முதல் வால் வரை மஞ்சள் கோடு போகும். குணமும் சாந்தம். ஆனால் அது புல்வெளிக் குளிர்ச்சிக்குப் பழகியது, சூடு கூடினால் தாங்காது. அதை இரண்டாவது பாம்பாக வைத்துக்கொள். புள்ளி வீட்டுப் பாம்பும் ஃபிஸ்க் வீட்டுப் பாம்பும் பல்லி தின்று பழகியவை. எலியைப் போட்டால் திரும்பியும் பார்க்காமல் கிடக்கும். அவை புதியவர் கைக்கு வேண்டாம்.

2. தோட்டத்தில் பார்த்ததைப் பிடித்து வராதே.

சட்டம் ஒரு காரணம், உண்ணியும் குடற்புழுவும் இன்னொரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலே உன் விரல் இருக்கிறது. குவாசூலு-நட்டால், ம்புமலாங்கா, லிம்போபோ பக்கங்களில் மழை பெய்து ஓய்ந்த வெக்கையான இரவில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு சிறிய கரும்பழுப்புப் பாம்பு மேலே வரும். பிப்ரன் ஸ்டிலெட்டோ பாம்பு என்பார்கள். கண் சிறுத்து, தலை மழுங்கி, பார்க்கச் சாதுவாக இருக்கும். வீட்டுப் பாம்புக் குட்டி என்று நினைத்து எடுத்தவர்கள் பலர் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார்கள். அதன் நச்சுப் பற்கள் வாயின் பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளும். வாயைத் திறக்காமலே குத்தும். கழுத்தைப் பிடித்தாலும் தப்ப முடியாது. அதன் விஷத்துக்கு முறிவு மருந்து இல்லை. உயிர் போவது அரிது, ஆனால் சதை அழுகி விரலை எடுக்க நேரிடலாம். 'எனக்குப் பாம்பு தெரியும்' என்ற நினைப்பு வரும் முதல் ஆண்டில்தான் இந்த ஆபத்து அதிகம். பெட்டியில் பிறந்து வளர்ந்த குட்டியை, வளர்த்தவரிடமிருந்தே வாங்கு.

3. வாங்குவதற்கு முன் அது தின்பதைப் பார்.

விற்பவரிடம் மூன்று கேள்வி கேள். எப்போது பிறந்தது? கடைசியாக எப்போது தின்றது? எதைத் தின்றது? மூன்றுக்கும் எழுதி வைத்த பதில் உள்ளவரிடம் வாங்கு. உறைய வைத்த எலிக்குஞ்சைக் குறைந்தது நான்கைந்து தடவை தானாகத் தின்ற குட்டியாக இருக்கட்டும். கையில் எடுத்தால் உடம்பு இறுக்கமாக இருக்க வேண்டும், நாக்கு அடிக்கடி வெளியே வர வேண்டும், மூக்கில் சளி இருக்கக் கூடாது. தாடைக்கு அடியிலும் கண்ணோரத்திலும் கரும்புள்ளியாக எதுவும் நகர்ந்தால் அது உண்ணி. விலை பாதியானாலும் வேண்டாம்.

4. அனுமதியை முதலில் வாங்கு, பாம்பைப் பிறகு வாங்கு.

தென்னாப்பிரிக்காவில் உள்நாட்டுப் பாம்பை வளர்க்கும் விதி மாகாணத்துக்கு மாகாணம் வேறு. குவாசூலு-நட்டாலில் எசெம்வேலோ வனவிலங்கு அமைப்பையும், மேற்கு கேப்பில் கேப்நேச்சரையும் கேள். ஒரு மாகாணத்தில் வாங்கி இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் முன் இரண்டு பக்கமும் விசாரி. பிரிட்டனில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே 1976ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டம் இந்தப் பாம்பைச் சேர்க்கவில்லை.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்த ஆர்வத்தில் சாரையையோ மண்ணுளியையோ பிடித்துப் பெட்டியில் போடாதே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பிராணியைக் கொண்டுவரவும் அரசின் இறக்குமதி அனுமதி வேண்டும், கால்நடைத் தனிமைப்படுத்தல் விதிகளும் உண்டு. ரயிலில் டிபன் பாக்ஸில் வந்தது என்று சொல்லி விற்பவரை நம்பாதே.

5. வீட்டில் எல்லாரும் சரி என்று சொல்லட்டும்.

இது 15 ஆண்டு வாழக்கூடிய உயிர். இப்போது பத்தாம் வகுப்புப் படிக்கிறாய் என்றால், உன் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதும் இது பெட்டியில் இருக்கும். நீ வெளியூர் படிக்கப் போனால் தண்ணீர் மாற்றப் போவது உன் அம்மா. ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் செத்த எலி இருக்கப் போகிறது என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல். ஒருவர் மனதார வேண்டாம் என்றாலும் தள்ளிப்போடு.

6. பெட்டி தயாராகி ஒரு வாரம் ஆன பிறகே பாம்பு வீட்டுக்கு வரட்டும்.

வளர்ந்த பெண்ணுக்கு 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலப் பெட்டி போதும். ஆணுக்கு 60 செ.மீ. நீளமே தாராளம். குட்டியைப் பெரிய பெட்டியில் விட்டால் மிரண்டு, இரையைத் தொடாது. காற்றுத் துளை போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் தொடங்கு. மூடி பூட்டிக்கொள்வதாக இருக்கட்டும். முட்டையிலிருந்து வந்த குட்டி ஏறக்குறைய 20 செ.மீ. நீளம்தான் இருக்கும், பென்சிலை விட மெல்லியது. தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். விடிந்து பார்த்தால் பெட்டி காலி.

அடியில் செய்தித்தாள் போடு. அழகாக இருக்காது, ஆனால் எச்சமும் உண்ணியும் உடனே கண்ணில் படும். பழகிய பிறகு ஆஸ்பென் மரச்சீவலோ தேங்காய் நார்த்தூளோ போடலாம். வாசனை வரும் தேவதாருச் சீவல் வேண்டவே வேண்டாம், அதன் எண்ணெய் மூச்சுக்குக் கேடு.

7. ஒரு பக்கம் சூடு, மறு பக்கம் குளிர்ச்சி.

பாம்பு உடம்புச் சூட்டைத் தானாக உண்டாக்காது. இடம் மாறி இடம் மாறித்தான் சரிசெய்துகொள்ளும். அதனால் பெட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு அடியில் மட்டும் வெப்பப் பாய் வை. சூடான மூலையில் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், மறு மூலையில் 22 முதல் 24 டிகிரி இருந்தால் நல்லது. தெர்மோஸ்டாட் இல்லாத வெப்பப் பாய் கொள்ளிக்கட்டைதான். பாம்பு வெந்துபோகும்வரை அதன் மேலேயே படுத்திருக்கும், நகராது. கையை வைத்துப் பார்த்துச் சூட்டைக் கணிக்காதே. வெப்பமானி வாங்கு.

இரண்டு மூலையிலும் ஒவ்வொரு ஒளிவிடம் வேண்டும். ஒன்றுதான் வைத்தால், சூட்டுக்கும் பாதுகாப்புக்கும் நடுவே அது ஒன்றை விட்டுக்கொடுக்க நேரிடும். பெரும்பாலும் பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும், தின்றது செரிக்காமல் கக்கும். உடம்பு இரு பக்கமும் உரசும் அளவுக்கு நெருக்கமான ஒளிவிடமே அதற்குப் பிடிக்கும். கவிழ்த்து வாசல் வெட்டிய பூந்தொட்டி போதும்.

8. மின்வெட்டுக்குப் பதறாதே.

2007 இறுதியிலிருந்து வந்து வந்து போகும் லோட் ஷெடிங் இந்த நாட்டில் எல்லாருக்கும் பழகியது. டர்பனின் குளிர்காலத்தில் ஒரு ராத்திரி பாய் அணைந்தால் பாம்புக்கு ஒன்றும் ஆகாது, காட்டிலும் இரவு குளிரத்தான் செய்கிறது. ஜோகனஸ்பர்க்கில் ஜூலை இரவு சில நாள் உறைநிலையைத் தொடும். அங்கே இருப்பவர் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பெட்டிக்கு வெளியே சாய்த்து வைத்து, மேலே கம்பளி போர்த்தினால் சமாளிக்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதே. மின்சாரம் நிலையில்லாத வாரத்தில் இரை போடாதே. வயிற்றில் எலியோடு குளிர்ந்த பாம்புக்கு அது உள்ளேயே அழுகும்.

9. செத்த எலியைப் போடு.

உயிருள்ள எலி பாம்பைக் கடித்துக் கண்ணைக்கூடக் கெடுத்துவிடும். உறைந்த எலியை ஃப்ரிட்ஜில் இளகவிட்டு, பிறகு மூடிய பையில் வைத்து வெந்நீரில் சற்று நேரம் போடு. மைக்ரோவேவில் வைக்காதே, உள்ளே வெந்து வெடிக்கும். இரையின் தடிமன் பாம்பு உடம்பின் மிகப் பருத்த இடத்துக்குச் சமமாக இருந்தால் போதும். குட்டிக்கு அன்று பிறந்த சிவந்த எலிக்குஞ்சு. நீண்ட இடுக்கியால் கொடு. இந்தப் பாம்பு இரையை அடிக்கும் வேகம் பெரியது, எலி வாசம் இருந்தால் விரலையும் எலியாகவே எடுத்துக்கொள்ளும். கடித்தால் வலி குறைவு, ரத்தம் கொஞ்சம் வரும். பிடுங்காதே, பிடுங்கினால் அதன் பல்தான் உடையும். குளிர்ந்த நீரில் கையைக் காட்டு, விட்டுவிடும். சோப்புப் போட்டுக் கழுவு.

10. பசிக்கிறது என்று அது காட்டுவதை நம்பாதே.

என் அறிவுரைகளில் இதற்கு இரண்டு கோடு போட்டுக்கொள். காட்டில் அடுத்த எலி எப்போது வரும் என்று தெரியாத பிராணி இது. கிடைத்தபோது தின்பதே அதன் பிழைப்பு. உன் பெட்டியிலும் அதே புத்தியோடுதான் இருக்கும். நேற்றுத் தின்றிருந்தாலும் கண்ணாடிக்கு அருகே விரல் நகர்ந்தால் தலையைத் தூக்கும். 'பாவம், பசி' என்று இன்னொன்று போடுவாய். அதையும் தின்னும். ஓர் ஆண்டில் பார்க்கக் கொழுகொழு என்று இருக்கும், வருபவர் எல்லாரும் மெச்சுவார்கள், உள்ளே ஈரலில் கொழுப்பு ஏறிக்கொண்டிருக்கும்.

குட்டிக்கு 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை. வளர்ந்ததற்கு 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை. ஆணுக்குச் சிறிய இரையே போதும், பெண்ணின் அளவை அதற்குக் கொடுக்காதே. சுருண்டு படுக்கும்போது செதில்களுக்கு நடுவே தோல் தெரிந்தாலோ, வால் தொடங்கும் இடத்தில் உடம்பு மடிப்பு விழுந்தாலோ, அது கொழுப்பு. இடைவெளியைக் கூட்டு. ஆண் சில மாதங்களில் பெண் நினைவில் தின்னாமல் இருக்கும். உடம்பு இளைக்காத வரை விட்டுவிடு.

11. சட்டை உரிக்கும் நாட்களில் தனியே விடு.

கண் பால் படிந்த மாதிரி மங்கும், உடம்பின் மினுக்கம் போகும். ஒரு வாரம் பத்து நாளில் சட்டை முழுதாகக் கழன்று வரும். வந்ததை எடுத்துப் பார். கண்மேல் இருந்த இரண்டு மூடியும் வால் நுனியும் அதில் இருக்க வேண்டும். துண்டு துண்டாக வந்தால் காற்றில் ஈரம் போதவில்லை. ஈரப் பாசி நிரப்பிய டப்பா ஒன்றை உள்ளே வை. கண்ணில் ஒட்டிய மூடியை நகத்தால் கிள்ளாதே. அடுத்த சட்டையோடு போகாவிட்டால் மருத்துவரிடம் போ.

12. கையில் எடுப்பது உன் சந்தோஷத்துக்கு, அதன் சந்தோஷத்துக்கு அல்ல.

வந்த முதல் வாரம் தொடாதே. முதல் இரை தின்ற பிறகு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பத்து நிமிஷம் எடு. தின்ற 48 மணி நேரத்துக்குள் எடுத்தால் கக்கிவிடக்கூடும், அந்த நோவு ஆற வாரக்கணக்காகும். குட்டி துள்ளும், நாற்றமாகக் கழியும். அது வளர வளர அடங்கும். மேலிருந்து பாய்ந்து பிடிக்காமல், பக்கத்திலிருந்து நடு உடம்பைத் தூக்கு. நண்பர்கள் வரும்போதெல்லாம் எடுத்துக் கழுத்தில் போட்டுக் காட்டாதே. எடுப்பதற்கு முன்னும் பின்னும் கை கழுவு. பாம்பின் எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீட்டில் இதில் இன்னும் கண்டிப்பு வேண்டும்.

13. ஒரு பெட்டியில் ஒரு பாம்பு.

துணை இல்லாமல் ஏங்கும் என்று நீயே நினைத்துக்கொள்ளாதே. அது தனியே வாழும் பிராணி. இரண்டை ஒன்றாக வைத்தால் சூடான மூலை ஒன்றுக்குத்தான் கிடைக்கும். இரண்டும் ஒரே எலியைக் கவ்வினால், ஒன்று எலியோடு சேர்த்து மற்றதையும் விழுங்கப் பார்க்கும். பின்னாளில் இன்னொரு பாம்பு வந்தால், நோய் பரவாமல் இருக்க அதை மூன்று மாதம் வேறு அறையில் வை.

14. குட்டி எடுக்கும் ஆசையை அடக்கு.

இந்தப் பாம்பை முட்டை இட வைக்க எந்தத் திறமையும் வேண்டாம், அதனால்தான் சொல்கிறேன். வேறு பல பாம்புகளுக்குக் குளிர்கால ஓய்வு கொடுத்து, காலம் பார்த்துச் சேர்க்க வேண்டும். இதற்கு ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விட்டாலே போதும். ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை வரும், பெரிய பெண் அதற்கு மேலும் இடும். 27, 28 டிகிரி சூட்டில் சுமார் இரண்டு மாதத்தில் பொரியும். ஆண் கூடவே இருந்தால் ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடுகூட இடும். ஆணைப் பிரித்த பிறகும் உடம்பில் சேமித்த விந்தை வைத்து மறுபடி இடும். ஒவ்வொரு ஈடும் அதன் உடம்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தைப் பிடுங்குகிறது. நிறையத் தின்று வேகமாக வளர்ந்த பெண், ஒரு வயது ஆவதற்கு முன்பே சினை பிடிக்கும். சிறிய உடம்பில் முட்டை அடைத்துக்கொண்டு செத்துப்போன பெண் பாம்புகளை நான் பார்த்திருக்கிறேன். கடையில் விற்றவன் 'ஜோடி' என்று கொடுத்ததுதான் அவற்றில் பலவற்றின் கதை.

அதனால் பெண்ணுக்கு இரண்டு வயது நிறைந்து, உடம்பும் தேறிய பிறகே யோசி. சேர்த்தால் சில நாளில் பிரித்துவிடு. ஆண்டுக்கு ஒரு ஈட்டோடு நிறுத்த முயற்சி செய், தானாக இன்னொன்று இட்டால் நன்றாகத் தின்ன வைத்துத் தேற்று. முட்டையை எடுக்கும்போது மேல்பக்கத்தில் பென்சிலால் குறி போட்டு, உருட்டாமல் அதே வாக்கில் ஈர வெர்மிகுலைட் கனிமத் துகளில் வை. எல்லாவற்றுக்கும் முன்னே ஒரு தாளில் பத்துப் பெயர் எழுது: இந்தக் குட்டிகளை 15 ஆண்டு வளர்க்கக்கூடிய பத்துப் பேர். எழுத முடியவில்லை என்றால் சேர்க்காதே. வெள்ளைக் குட்டி வரும், நல்ல விலை போகும் என்று யாராவது சொன்னால், அந்த விலை கொடுத்து வாங்கப்போகிறவரை முதலில் காட்டச் சொல்.

15. மருத்துவரை முன்கூட்டியே தேடி வை.

நாய் பூனை பார்க்கும் எல்லாருக்கும் பாம்பு தெரியாது. ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்று பாம்பு வரும் முன்பே விசாரி. வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் நுரை, அடுத்தடுத்து இரண்டு முறை கக்குவது, தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடப்பது, அதன் அடியில் கரும்புள்ளிகள் தெரிவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திராதே. ஒரு நோட்டு போடு. தின்ற நாள், சட்டை உரித்த நாள், எடை. மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

16. வளர்க்க முடியவில்லை என்றால் வெளியே விடாதே.

இங்கே இது ஊர்ப் பாம்புதானே என்று தோன்றும். பெட்டியில் வந்த நோய் காட்டுக்குப் போகும். வேறு மாகாணத்தில் பிறந்த வம்சம் இங்குள்ளதோடு கலக்கும். இடுக்கியில் எலி வாங்கித் தின்ற பிராணி பருந்துக்குத் தப்பவும் தெரியாமல் நிற்கும். வாங்கியவரிடமே திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் அனுமதி கொடுத்த அலுவலகத்தைக் கேள்.

17. ஓர் ஆண்டு ஒரு பாம்போடு இரு.

ஆறே மாதத்தில் இரண்டாவது பெட்டி வாங்கத் தோன்றும். ஒன்று நன்றாக வளர்கிறது, இன்னொன்றும் வளரும் என்று கணக்குப் போடுவாய். இந்தப் பாம்பு நன்றாக வளர்வது பாதி உன் திறமையால், பாதி அதன் பொறுமையால். எது எவ்வளவு என்பது ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் கடந்தால்தான் தெரியும். அதுவரை நோட்டை எழுதிக்கொண்டே வா. ஓர் ஆண்டு நிரம்பியதும் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வா, சேர்ந்து படித்துப் பார்ப்போம். கையை அடக்கி வளர்த்தாய் என்று அதில் தெரிந்தால், அரோராவைப் பற்றிப் பேசலாம்.